லஸ்கர் வளர்த்த கனகாம்பரம்

இராஜாங்கத்தை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லஸ்கர் என்றுதான் கூப்பிடுவோம். வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பெயர் அது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டு வாசலில் தபால்காரர்கூட "லஸ்கர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

என் பெயர் பஞ்சநதம். குடவாசலுக்கு வெளியே கொஞ்சம் நிலம் வைத்து நெல் போடுகிறவன். என் வயல் கடைமடையில் இருக்கிறது. அதாவது வாய்க்காலில் எல்லாருக்கும் பாய்ந்தது போக மிச்சம் இருந்தால் எனக்கு. அதனால் லஸ்கரோடு எனக்கு இருந்த உறவு எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வறண்ட வருஷம், நாற்று கருகிக்கொண்டிருந்தபோது, முறைக்கு முன்னால் மதகை ஒரு சாண் தூக்கிவிடச் சொல்லிக் கேட்டேன். "மேல உத்தரவு இல்லாம தெறக்க முடியாதுங்க" என்றார். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார், மதகை மட்டும் திறக்கவில்லை. அவர் செய்தது சரி என்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்து கூலி வாங்கியவர். அந்த வயல்காரர்களே மகனிடம் வந்து தண்ணீருக்கு நிற்கும்படி ஆயிற்று. வேறொருவராக இருந்தால் கொஞ்சம் ஆட்டம் போட்டிருப்பார். இவர் போடவில்லை. கரையில் நடப்பது, நண்டு வளையை அடைப்பது, உடைப்பு எடுக்குமோ என்று பார்ப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது, இதுதான் அவர் வாழ்க்கை. மேட்டூர் திறந்தால் வீட்டை விட்டுப் போவார், அணை மூடினால்தான் வீட்டில் தங்குவார். மகள் மலர்க்கொடி பிறந்தது ஐப்பசி வெள்ளத்தில். இவர் கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு வந்துதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியதும், அவள் பெரியவளானதும், அவர் மாமியார் இறந்ததும் எல்லாம் பாசன மாதங்களில்தான். அவர் மனைவி காளியம்மாள் தனி ஆளாக நின்று ஒவ்வொன்றையும் முடித்தார். அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டவர்களிடம் "அவரு வேல அப்படி" என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஓய்வு பெற்றதும் எங்கள் நகரில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே முள்கம்பி வேலி ஒன்றுதான். எனக்கும் லஸ்கருக்கும் பேச்சு வருவதற்கு முன்னாலேயே என் மனைவி ஞானாம்பாளும் காளியம்மாளும் வேலிக்கு மேலே கிண்ணம் மாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வீம்பு பிடித்து என்ன பயன்?

அந்த வீட்டுக் கொல்லையில் காளியம்மாள் போட்டதுதான் கனகாம்பரப் பாத்தி.

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. என்றாலும் மல்லிகைச் சரத்தின் நடுவே அந்த ஆரஞ்சு நிறம் நாலு இடத்தில் தெரியாவிட்டால் எங்கள் பெண்களுக்குப் பூ வைத்த மாதிரியே இருக்காது. செடி இடுப்பு உயரத்துக்குப் புதராக வரும். கதிர் மாதிரி நீளும் காம்பில் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். நாட்டு ரகத்தில் விதைக்காய் பிடிக்கும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். காளியம்மாள் வைத்திருந்தது டெல்லிக் கனகாம்பரம். அதற்குப் பூ பெரிது, நிறம் அடர்த்தி, ஆனால் விதை பிடிக்காது. கிளையை ஒடித்து வேர் பிடிக்க வைத்தால்தான் அடுத்த செடி.

எங்கள் ஊர் மண் களி. மழையில் பிசினாக ஒட்டும், வெயிலில் பாளமாக வெடிக்கும். நெல்லுக்கு அதைவிட நல்ல மண் இல்லை. கனகாம்பரத்துக்கு அது ஆகாது, அதன் வேருக்குக் காற்று வேண்டும். காளியம்மாள் வல்லத்துச் செம்மண் ஒரு வண்டி வாங்கி, மக்கிய சாணியும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, பாத்தியை மேடாக உயர்த்தினார். முருங்கை நிழல் பாதி நேரம் விழுகிற இடமாகப் பார்த்து நட்டார். மேல்மண் காய்ந்தால் மட்டும் செடியின் காலடியில் சொம்பால் ஊற்றுவார். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட, பாத்தியைச் சுற்றிக் குழி பறித்து, மூலையில் ஒரு வடிகால் வெட்டி வைத்திருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூ பறிப்பார். வெள்ளிக்கிழமை பிடாரி கோயிலுக்கு ஒரு சரம், ஞானாம்பாளுக்கு ஒரு முழம், மிச்சம் தனக்கு.

போன வருஷம் சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து மலர்க்கொடி கூப்பிட்டாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம், அம்மா வந்து இருக்க வேண்டும். வைகாசிக் கடைசியில் பெட்டி கட்டும்போது காளியம்மாள் செடியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். லஸ்கர் சட்டென்று சொன்னார்.

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

நானும் ஞானாம்பாளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. காளியம்மாளும் கேட்டிருக்க மாட்டார் போல. கையிலிருந்த புடவையை மடிக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொம்பத் தண்ணி விட்றாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதில்தான் மனிதர் மாட்டினார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் விட்ட கை அது. முதல் வாரம் ஒழுங்காகத்தான் ஊற்றினார். ஆனால் மூலையில் இருந்த வடிகால் அவர் கண்ணை உறுத்தியது. ஊற்றுகிற தண்ணீரில் பாதி அதன் வழியாக வெளியே போகிறது. தண்ணீர் வீணாக வடிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க லஸ்கரால் முடியுமா? வாய்க்காலில் அப்படி ஓர் ஒழுகலைக் கண்டால் மண்வெட்டியோடு ஓடியவர். இங்கேயும் மண்வெட்டியை எடுத்தார். வடிகாலை அடைத்தார். பாத்தியைச் சுற்றி அருமையாக ஒரு வரப்புப் போட்டார். மோட்டாரைப் போட்டு, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி நிறுத்தினார். நான் வேலியோரம் வந்தபோது மடையைக் காலால் மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, சொட்டுத் தண்ணி வெளிய போவல" என்றார்.

எனக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. நானும் நெல்லைத் தவிர வேறு பயிர் அறியாதவன்தான். பாத்தி பளபளவென்று கண்ணுக்கு அழகாக இருந்தது.

ஆனி பாதியில் செடிகள் மத்தியான வெயிலில் தலை தொங்கின. சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்தன. லஸ்கர் தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கட்டினார். பிறகு சாயங்காலமும் நிமிரவில்லை. கீழ் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. அவர் இரண்டு வேளையும் கட்டினார். சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் காளியம்மாள் கூப்பிட்டு "செடியக் காட்டுங்க" என்றால், ஓரத்தில் முருங்கை வேரோடு ஒட்டி மேட்டில் நின்ற ஒரே பச்சைச் செடிக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோய்க் காட்டுவார். "வெளிச்சம் பத்தல" என்று உடனே திருப்பிக்கொள்வார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத ஆள் என்பது அந்த அவசரத்திலேயே தெரியும்.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் இதை ஞானாம்பாளிடம் சொல்லிச் சிரித்தேன். எனக்குத் தண்ணீர் தராத மனிதர் செடிக்குத் தண்ணீர் கொடுத்தே கொல்கிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஞானாம்பாள் சிரிக்கவில்லை.

"நம்ம கொல்லையில மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பழைய பெயின்ட் வாளிகளில் கனகாம்பரக் கன்றுகள் திடமாக நின்றன. காளியம்மாள் டிக்கெட் போட்ட நாளிலேயே கிளை ஒடித்து வைத்து, வேர் பிடித்ததும் ஞானாம்பாளிடம் கொடுத்திருக்கிறார்.

"அவரு தண்ணி கட்டியே சாவடிச்சுருவாருன்னு அதுக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் சொன்னதற்கு என்ன மரியாதை? பிறகு, பார்த்துக்கொண்ட லட்சணத்தை நினைத்தபோது, காளியம்மாள் மேல் குற்றம் சொல்லவும் முடியவில்லை. லஸ்கரிடம் சொல்லிவிடலாம் என்றேன். ஞானாம்பாள் மறுத்துவிட்டாள். அவள் ஒரு விஷயத்தில் மறுத்துவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் காலையில் லஸ்கர் ஒரு செடியைப் பிடித்து மெல்ல அசைத்தார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, தோல் உரிந்து, சாக்கடை நாற்றம் அடித்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ கேட்டது இது ஒண்ணுதாங்க" என்றார். "வேற எதுவும் என்னைய அவ கேட்டதில்ல."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பின்னால் வாளியில் கன்று இருக்கிறது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, வண்டியை எடுத்தேன். அந்தச் செடியோடு அவரை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் சாலையில் ரஹ்மத் பீவியின் நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அந்தம்மா கணவர் வைத்திருந்த பண்ணையை அவர் மறைவுக்குப் பிறகு எடுத்து நடத்துகிறவர். வேரைப் பார்த்த உடனே கேட்டார்.

"தண்ணி நிக்குதாண்ணே?"

"நிக்குது. நான்தான் நிப்பாட்டுனேன். வீட்டுக்காரி போட்ட செடி."

"வேர் அழுகிட்டா செடியால தண்ணி இழுக்க முடியாது. அதான் தொங்குது. நீங்க தாகம்னு நெனச்சு மேல மேல விட்ருக்கீங்க." சொல்லிவிட்டு, ஓரமாக அடுக்கியிருந்த பைகளைக் காட்டினார். "இதே டெல்லிதான். பூ வந்துருச்சு. எடுத்துட்டுப் போய் வச்சிருங்க, வீட்ல அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது."

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். காரியம் சுலபமாக முடிந்தது என்று வண்டிப் பக்கம் திரும்பினேன். லஸ்கர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"வேணாம்மா" என்றார். "பாத்துக்கறேன்னு சொன்னது அந்தச் செடிய. அதுல எதுனா மிச்சம் புடிக்க வழி இருந்தா சொல்லுங்க."

ரஹ்மத் பீவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். இன்னும் பச்சையாக இருக்கிற நுனிக் கிளையாகப் பார்த்து, விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தியால் வெட்ட வேண்டும். பூக்கதிர் இருந்தால் கிள்ளிவிட வேண்டும், பூவும் வேரும் ஒரே நேரத்தில் வராது. மேலே இரண்டு இலையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். மணலும் செம்மண்ணும் கலந்த பையில், அடியில் ஓட்டை போட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகிறபடி நட வேண்டும். மேலே கண்ணாடித் தாள் மூடி, நல்ல நிழலில் வைக்க வேண்டும். பழைய பாத்தி மண்ணைத் தொடவே கூடாது, அதில் நோய் இருக்கும்.

"தண்ணி?" என்று கேட்டார் லஸ்கர்.

"கையால தெளிக்கிறதோட சரி. தாளுக்குள்ள வேர்த்து இருந்துச்சுன்னா அதுவும் வேணாம். வேர் வர மாசம் ஒண்ணு ஆவும். அது வரைக்கும் புடுங்கிப் பாக்காதீங்க."

வீட்டுக்கு வந்து முருங்கை ஓரத்தில் நின்ற அந்த ஒரு செடியிலிருந்தும், பாதி செத்த மற்றவற்றிலிருந்தும் தேறிய நுனிகளையெல்லாம் வெட்டினார். நானும் தாள் பிடித்தேன். எல்லாம் நட்டு மூடி வைத்த பிறகு, மோட்டார் அறையைப் பூட்டினார். நான் எங்கள் பக்கம் வந்ததும் சாவியை வேலிக்கு மேல் நீட்டினார்.

"நீங்க வச்சிருங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"அப்ப குளிக்க என்ன செய்வீங்க?"

"கைபம்பு இருக்கு."

நினைத்தபடியே மறுநாள் மத்தியானம் வந்துவிட்டார். இலை கொஞ்சம் வாடினாற்போல் இருக்கிறதாம். நான் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேல உத்தரவு இல்லாம தெறக்க முடியாதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எங்களுக்குள் இருந்த பழைய கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆடி மாதம் வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போயிற்று. என் வயலில் நடவு நடந்தது. லஸ்கர் எங்கும் போகவில்லை. வெயில் நகர நகரப் பைகளை இடம் மாற்றி வைத்தார். ஆடிக் காற்று தாளைக் கிழித்தபோது பழைய வேட்டியைக் கட்டி மறைத்தார். அடைத்த வடிகாலை வெட்டித் திறந்து, பாத்தி மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தை வெயிலில் காய விட்டார். பாதிக்கு மேல் கன்றுகள் கறுத்துப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் எங்கள் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போவார், வீட்டில் ஏதோ ஆகிவிட்ட மாதிரி. நான் ஒவ்வொரு தடவையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். சொல்லிவிடலாமா என்று ஞானாம்பாளை இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு தரமும் அவள் சத்தியத்தை நினைவுபடுத்தினாள்.

ஒரு காலையில் பிழைத்த கன்று ஒன்றில், இரண்டு இலைக்கு நடுவே, புதிதாக ஊசி மாதிரி ஒரு தளிர் வந்திருந்தது. லஸ்கர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை.

காளியம்மாள் ஆவணிக் கடைசியில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு லஸ்கர் கார் எடுத்துப் போய் அழைத்து வந்தார். வழியெல்லாம் பேரனைப் பற்றிக் கேட்டாராம், செடியைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். கார் நின்றதும் காளியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார். நாங்கள் வேலியோரம் போய் நின்றோம். பாத்தி இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. முருங்கை அடியில் அந்த ஒற்றைச் செடியும், பக்கத்தில் வரிசையாகக் கொஞ்சம் பைகளும்.

லஸ்கர் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"எல்லாம் போச்சு காளியம்மா. வடிகால அடச்சுட்டேன். தண்ணி நின்னு வேர் அழுகிப் போச்சு. மிச்சத்த வெட்டி வச்சேன், இதுதான் தேறுச்சு."

காளியம்மாள் குந்தி உட்கார்ந்து ஒரு பையின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். பையைத் திருப்பி அடி ஓட்டையைப் பார்த்தார். வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்த்தது. ஒன்றில் சின்னதாக ஒரு கதிர் வந்து, கீழே நாலைந்து பூ விரிந்திருந்தது.

"கண்ணாடித் தாள எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"தளிர் வந்தப்புறம். சாயந்தரத்துல கொஞ்சம் கொஞ்சமா தெறந்து வச்சேன். ஒரேயடியா எடுத்தா வெயில் தாங்காதுன்னு பீவியம்மா சொல்லுச்சு."

"ம். புது மண்ணு கொட்டி மேட்ட இன்னும் ஒரு சாண் ஒசத்திட்டு நட்ருவோம்."

அவ்வளவுதான் பேச்சு. லஸ்கர் பெட்டியை உள்ளே கொண்டுபோனார்.

சாயங்காலம் காளியம்மாள் சாக்லேட்டும் தைல பாட்டிலும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். போனில் குழந்தையின் போட்டோவைக் காட்டி முடித்ததும், ஞானாம்பாள் அவரை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். நானும் போனேன். வாளிச் செடிகள் எல்லாம் முழங்கால் உயரம் வந்து கதிர் கதிராகப் பூத்திருந்தன.

"ராத்திரியே எடுத்துட்டுப் போயிரு. பாத்தி பழையபடி ஆயிரும்" என்றாள் ஞானாம்பாள்.

காளியம்மாள் ஒரு செடியின் இலையைத் தடவிப் பார்த்தார்.

"வேணாங்க்கா. இது இங்கயே இருக்கட்டும். அவருக்குத் தெரியவும் வேணாம்."

இத்தனை நாள் வாயை மூடி வைத்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு தூக்கம் இல்லாமக் கெடந்தாரும்மா" என்றேன். "இதுல ஒண்ணக்கூட வேணாங்கிறதுக்கா நாங்க மூணு மாசம் மறைச்சு வச்சோம்?"

காளியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் லஸ்கர் குனிந்து, கன்றுப் பைகளை ஒவ்வொன்றாக நிழலுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே காளியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவர நம்பாமத்தாங்க இத இங்க குடுத்துட்டுப் போனேன். இத்தன வருசத்துல இப்பத்தான் அவரு வீட்டுக்கு வந்திருக்காரு. இதக் கொண்டுபோய் அவரு முன்னாடி வைக்கச் சொல்றீங்களா?"